ஈயின் மார்புக்குள் ஒரு மத்து

கனிந்துபோன வாழைப்பழத்தை இரண்டு நாள் சமையலறையில் விட்டுவைத்தால் எங்கிருந்தோ வந்து சுற்றுமே, எள்ளளவில் சின்னச் சின்ன ஈக்கள், அதில் ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பழ ஈ. எடை சுமார் 1 மில்லிகிராம். பறக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 200 முறை இறக்கை அடிக்கிறது. கச்சேரி கேட்பவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்கிறேன்: 5 கட்டை சுருதி என்பது நொடிக்கு 196 அதிர்வு, பாடகிகள் பலர் தம்பூராவைச் சேர்த்துக்கொள்ளும் இடம் அது. ஆக உங்கள் வாழைப்பழத்தைச் சுற்றும் ஈ கிட்டத்தட்ட 5 கட்டையில் பறக்கிறது.

இப்படிச் சுருதி பார்த்தே பூச்சிகளை ஆராய்ந்த ஒருவர் உண்மையிலேயே இருந்தார். பின்லாந்துக்காரர், பெயர் ஓலவி சோட்டவால்டா. எந்த ஒலியைக் கேட்டாலும் சுருதிப்பெட்டி இல்லாமலே அதன் சுருதியைச் சொல்லிவிடும் காது அவருக்கு. பூச்சி பறக்கும் ஓசையைக் கேட்டு, நொடிக்கு எத்தனை அடி என்று கணக்கெடுத்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்ன ஈ வகை ஒன்று நொடிக்கு 1000 முறைக்கும் மேல் அடிப்பதை 1953-இல் வெளியிட்டார். கொசு இடையில் இருக்கிறது, 400 முதல் 600 வரை. இரவில் காதருகே வந்து நம்மை எழுப்புவது அந்தச் சுருதிதான்.

இப்போது உங்கள் ஆள்காட்டி விரலால் மேசையை முடிந்தவரை வேகமாகத் தட்டிப் பாருங்கள். நொடிக்கு ஆறு, ஏழு வரும். கைதேர்ந்த மிருதங்க வித்வானாக இருந்தாலும் ஒரே விரலால் 200 வராது. ஈக்கு எப்படி வருகிறது?

சாதாரணத் தசை ஒருமுறை சுருங்க என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று பார்த்தால் சிக்கல் புரியும். நரம்பிலிருந்து ஒரு மின்துடிப்பு வர வேண்டும். அது வந்ததும் தசைச் செல்லுக்குள் பைபோன்ற ஓர் அறையில் அடைத்து வைத்திருக்கும் கால்சியம் வெளியே கொட்ட வேண்டும். கால்சியம் பட்டதும் தசை சுருங்கும். திரும்பத் தளர வேண்டுமென்றால் கொட்டிய கால்சியத்தை எல்லாம் மறுபடி அள்ளி உள்ளே போட வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும், சக்தியும் செலவாகும். வெட்டுக்கிளி நொடிக்கு சுமார் 20 முறைதான் இறக்கை அடிக்கிறது, அதற்கு இந்த முறை போதும். தட்டான், பட்டாம்பூச்சி எல்லாமே இப்படித்தான், ஒரு துடிப்புக்கு ஓர் அடி. ஆனால் 200 என்றால் ஒரு முழு அடிக்கு 5 மில்லிநொடி, கொசுவுக்கு 2 மில்லிநொடி. இதற்குள் கொட்டி அள்ளி முடிப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

1949-இல் பிரிங்கிள் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஈயின் பறக்கும் தசையில் மின்முனை வைத்து, நரம்புத் துடிப்பையும் இறக்கை அடியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. துடிப்புகள் எப்போதோ ஒன்று வருகின்றன, இறக்கையோ தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது. பழ ஈயில் நொடிக்கு சுமார் 5 துடிப்பு, 200 அடி. அதாவது நரம்பு ஒருமுறை 'ம்' என்றால் தசை நாற்பது முறை சுருங்கி விரிகிறது. மூளை ஆணையிடும், தசை கேட்கும் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்த எனக்கு இந்த எண்கள் முதலில் அச்சுப்பிழையாகத்தான் தோன்றின.

சரி, மீதி 39 முறை யார் சொல்லிச் சுருங்குகிறது? அதற்கு முன்னால் தசைக்குள் இழுக்கிற ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

அந்த ஆளின் பெயர் மயோசின். ஒரு புரத மூலக்கூறு. நீளமான வால், வாலின் முனையில் இரண்டு தலைகள், தலைக்கும் வாலுக்கும் நடுவே நெம்புகோல் மாதிரி ஒரு கழுத்து. நூற்றுக்கணக்கான மயோசின்கள் வால்களை ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரு தடித்த இழை ஆகின்றன, தலைகள் மட்டும் சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தால் ஆன மெல்லிய இழைகள். தலைகள் ஆக்டினைப் பிடித்து இழுக்கின்றன. இரண்டு இழையும் ஒன்றை ஒன்று உரசியபடி வழுக்கி உள்ளே போக, தசை குட்டையாகிறது. இழையே சுருங்குவதில்லை, வழுக்கத்தான் செய்கிறது என்பதை 1954-இல் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. வேடிக்கை என்னவென்றால் இரண்டு குழுவிலும் ஒரு ஹக்ஸ்லி, இருவரும் உறவினர் இல்லை.

தலை எப்படி இழுக்கிறது? கிணற்றில் தண்ணீர் சேந்தியிருக்கிறீர்களா? ஒரு கை கயிற்றைப் பிடித்து இழுக்கும், விடும், கொஞ்சம் தள்ளி மறுபடி பிடிக்கும், அதற்குள் மறுகை இழுத்துக்கொண்டிருக்கும். மயோசின் தலையும் அப்படித்தான், ஆனால் அதற்குத் தசையோ எலும்போ இல்லாததால் ஒவ்வொரு அசைவும் ஒரு வேதிமாற்றத்தால் நடக்கிறது. ஏடிபி என்கிற எரிபொருள் மூலக்கூறு ஒன்று தலையில் வந்து உட்கார்ந்ததும் பிடி விடுகிறது. உட்கார்ந்த ஏடிபியைத் தலை உடைக்கிறது, ஏடிபி, ஒரு பாஸ்பேட் குறைந்த துண்டாகவும் தனிப் பாஸ்பேட்டாகவும் பிரிகிறது, அந்தச் சக்தியில் கழுத்து பின்னால் வளைந்து, எலிப்பொறியின் வில்லைப் போல இழுத்துக் கட்டப்பட்ட நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் ஆக்டினை லேசாகத் தொடுகிறது. தொட்டுப் பிடி கிடைத்தவுடன் பாஸ்பேட் கழன்று விழ, கழுத்து ஒரே வீச்சில் முன்னால் ஆடி, ஆக்டினை இழுக்கிறது. விசை பிறக்கும் இடம் இந்த வீச்சுதான். அப்புறம் மீதித் துண்டும் கழன்று, அடுத்த ஏடிபி வரும்வரை தலை இறுகப் பிடித்தபடியே நிற்கும்.

ஏடிபி வரவே இல்லையென்றால்? பிடித்த பிடி பிடித்தபடியே. இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவது இதனால்தான். மார்க்கெட்டில் நல்ல மீன் கையில் எடுத்தால் கட்டை மாதிரி நிற்கிறதே, அதற்குள் கோடானுகோடி மயோசின் தலைகள் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிடிப்பதற்கு அல்ல, விடுவதற்குத்தான் ஏடிபி வேண்டும் என்பது பலருக்கும் முதலில் குழப்பும்.

ஒரு வீச்சில் தலை நகர்த்துவது சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமனை எட்டாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு. விசை மூன்று, நான்கு பிக்கோநியூட்டன். 1994-இல் ஸ்புடிச் குழுவினர் ஒரே ஒரு மயோசின் எவ்வளவு இழுக்கிறது என்பதை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்திய மணிகளை வைத்து அளந்தே விட்டார்கள். இனி கணக்குப் போடலாம். பழ ஈயின் எடை 1 மில்லிகிராம், விசையாகச் சொன்னால் சுமார் 10 மைக்ரோநியூட்டன், அதாவது 1 கோடி பிக்கோநியூட்டன். அந்த எடைக்குச் சமமாக இழுக்க மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் தலைகள் பக்கம் பக்கமாக நின்று ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். உண்மையில் இன்னும் பல மடங்கு வேண்டும், ஏனென்று கீழே வருகிறது.

பக்கம் பக்கமாக என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று வடம் பிடித்தால் விசை கூடும். ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலி கோத்தால் விசை கூடாது, நகரும் தூரம்தான் கூடும். தசையில் இரண்டும் உண்டு. தடித்த இழையும் மெல்லிய இழையும் சேர்ந்த ஓர் அலகுக்கு சர்கோமியர் என்று பெயர், பழ ஈயில் அதன் நீளம் 3 மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஈயின் மார்பில் இருக்கும் தசை நார் ஒன்று சுமார் 1 மில்லிமீட்டர் நீளம், ஆக ஒரு நாரில் ஏறக்குறைய 300 சர்கோமியர்கள் வரிசையாக. ஒவ்வொன்றும் தன் நீளத்தில் 3 சதவீதம் போலச் சுருங்கினால் நார் முழுவதும் எவ்வளவு குட்டையாகும்? 0.03 மில்லிமீட்டர். அவ்வளவுதான். நம் கைத்தசை தாராளமாகச் சுருங்கும், ஈயின் பறக்கும் தசைக்கு இந்த நூலிழை அசைவுக்கு மேல் பழக்கமில்லை.

0.03 மில்லிமீட்டர் அசைவில் இறக்கை எப்படி 150 டிகிரி போல வீசுகிறது என்று கேட்டால், இங்கேதான் பூச்சியின் உடலமைப்பு வருகிறது. இந்தத் தசைகள் இறக்கையில் ஒட்டியே இல்லை! மார்பு ஒரு விறைப்பான ஓட்டுப் பெட்டி. ஒரு கூட்டம் தசை அந்தப் பெட்டியின் கூரையிலிருந்து தரைக்குச் செங்குத்தாகப் போகிறது. இன்னொரு கூட்டம் முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் போகிறது. செங்குத்துத் தசை சுருங்கினால் கூரை கீழே அமுங்கும், இறக்கை மேலே எழும். நீளவாக்குத் தசை சுருங்கினால் பெட்டி முன்பின்னாக நெருக்கப்பட்டுக் கூரை மேலே புடைக்கும், இறக்கை கீழே வீசும். இறக்கையின் அடி ஒரு துடுப்பு மாதிரி, தாங்குபுள்ளிக்கு மிக மிக அருகில் உள்ளே கொஞ்சம் அசைந்தால் வெளியே நுனி பெரிய வளைவு போடும். தூரம் இப்படிப் பெருகும்போது விசை அதே அளவுக்குக் குறையும், சும்மா எதுவும் கிடைக்காது. அதனால்தான் தலைகள் பல மடங்கு வேண்டும் என்றேன். ஈயின் மார்பைப் பிளந்து பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்கத் தசையாக இருப்பதும் இதனால்தான்.

இப்போது கேள்விக்கு வரலாம்.

பழைய வீடுகளில் தூணோடு சேர்த்துக் கட்டிய பெரிய மத்து இருக்கும். கயிற்றைத் தண்டில் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பாட்டி தயிர் கடைவார். வலக்கை இழுக்கும்போது இடக்கை முன்னால் இழுபட்டுப் போகும். இடக்கை இழுக்கும்போது வலக்கை போகும். ஒரு கை இழுத்து முடிப்பதே மறுகைக்கு 'இனி உன் முறை' என்பதற்கான அடையாளம், யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஈயின் மார்புக்குள் நடப்பது இதுதான். நீளவாக்குத் தசை சுருங்கினால் பெட்டியின் வடிவம் மாறி, செங்குத்துத் தசை இழுபட்டு நீளுகிறது. நீட்டப்பட்டதாலேயே அது சுருங்குகிறது. அது சுருங்கியதும் நீளவாக்குத் தசை நீளுகிறது, அது சுருங்குகிறது. நரம்பு நடுவில் வரவே இல்லை. இதற்கு நீட்டல்வழித் தூண்டல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ரப்பர் பேண்டை நீட்டினாலும்தானே திரும்பச் சுருங்குகிறது, இதில் என்ன புதுசு என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பேண்ட், நீட்டும்போது நீங்கள் கொடுத்த சக்தியைத்தான் திருப்பித் தருகிறது, அதுவும் கொஞ்சம் குறைத்து. அதை வைத்துப் பறக்க முடியாது, இரண்டு ஆட்டத்தில் நின்றுவிடும். ஈயின் தசை வேறு. நீட்டிய உடனே விசை முழுதாக ஏறுவதில்லை, ஒரு சிறு தாமதத்துக்குப் பிறகுதான் ஏறுகிறது. அதேபோலச் சுருங்கி முடித்த பிறகுதான் விசை இறங்குகிறது. இதனால் தசை நீளும்போது லேசாக எதிர்க்கிறது, சுருங்கும்போது பலமாக இழுக்கிறது. அந்த வித்தியாசம்தான் ஒவ்வோர் அடிக்கும் கிடைக்கும் லாபம், ஏடிபியிலிருந்து வந்தது. ஊஞ்சல் தள்ளத் தெரிந்தவர்களுக்கு இது புரியும், நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் ஊஞ்சல் நிற்கும், வந்து திரும்பும் கணத்தில் தள்ளினால் உயரும்.

ஊஞ்சலுக்குக் கயிற்றின் நீளத்தைப் பொறுத்து தனக்கென்று ஒரு தாளம் இருக்கிற மாதிரி, மார்புப் பெட்டிக்கும் இறக்கைக்கும் சேர்த்து ஒரு தாளம் உண்டு. சோட்டவால்டா பூச்சிகளின் இறக்கையை நறுக்கிக் குட்டையாக்கிப் பறக்கவிட்டார். சுருதி ஏறியது! சுமை குறைந்ததும் ஆட்டம் வேகமாகிவிட்டது. தாளத்தை நரம்பு வகுத்திருந்தால் இறக்கையை வெட்டினாலும் அதே சுருதிதான் வந்திருக்கும்.

இதையெல்லாம் மூலக்கூறு அளவில் பார்க்க உதவிய பூச்சி ஈ அல்ல, ஆசியாவின் குளங்களிலும் வயல்களிலும் இருக்கும் ராட்சத நீர்ப்பூச்சி. லெத்தோசீரஸ் என்பது அறிவியல் பெயர், விரல் நீளத்துக்கு வளரும், இரவில் தெருவிளக்கைத் தேடி வந்து விழும். தாய்லாந்தில் இதை இடித்து மிளகாய்த் துவையலில் சேர்க்கிறார்கள். இதன் பறக்கும் தசையில் இழைகள் படிகம் போல அவ்வளவு ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் எக்ஸ்ரேவுக்கும் தோதாக அமைந்துவிட்டது. 1965-இல் ரீடி, ஹோம்ஸ், ட்ரெகியர் மூவரும் இந்தத் தசையை இரண்டு நிலையில் படம்பிடித்தார்கள். ஏடிபி இருக்கும்போது மயோசின் தலைகள் இழைக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருந்தன. ஏடிபியை எடுத்துவிட்டதும் 45 டிகிரி சாய்ந்து ஆக்டினில் ஒட்டியிருந்தன. மயோசின் தலை சாய்ந்து இழுக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று இதுதான். மனிதத் தசையைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் படம் ஒரு நீர்ப்பூச்சியிடமிருந்து வந்தது என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அடுத்த ஆண்டு ஜுவெல், ரூக் இருவரும் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். அதே பூச்சியின் தசை நார்களைக் கிளிசரினில் ஊறவைத்தார்கள். கிளிசரின் செல்லின் தோலைச் சிதைத்துவிடும். நரம்பு இல்லை, கால்சியம் அடைத்துவைக்கும் அறை வேலை செய்யாது, மிஞ்சியது இழைகள் மட்டும். செத்த தசை. அதற்கு ஏடிபியும் கொஞ்சம் கால்சியமும் ஊற்றி, சுருள்வில் மாதிரி ஆடக்கூடிய ஒரு கருவியில் கட்டினால், தானாகவே நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி ஆட ஆரம்பித்தது. கால்சியத்தின் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தாளம் இழைகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இழைகள் நீட்டலை எப்படி உணர்கின்றன? ஆக்டின் இழையின் மேல் ட்ரோபோமயோசின் என்ற ஒரு நூல் ஓடி, மயோசின் பிடிக்க வேண்டிய இடங்களை மூடியிருக்கிறது. ட்ரோபோனின் என்ற பூட்டு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் தசையில் கால்சியம் வந்து பூட்டைத் திறக்கும். ஈயின் தசையில் கால்சியம் பூட்டைப் பாதிதான் திறக்கிறது, மீதியை நீட்டல் திறக்கிறது. நீர்ப்பூச்சியின் தசையில் இந்தப் பூட்டின் ஒரு பாகம் இரண்டு வகையில் இருப்பதையும், ஒரு வகை கால்சியத்துக்கும் மற்றது நீட்டலுக்கும் பதில் சொல்வதையும் 2004-இல் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்துக் காட்டினார்கள். சில மயோசின் தலைகள் நேராக ட்ரோபோனினையே பிடித்துக்கொண்டிருக்கின்றன, தசை நீளும்போது அவை பூட்டைக் கையால் இழுத்துத் திறக்கின்றன என்று 2011-இல் ரீடியின் குழு எக்ஸ்ரே படங்களை வைத்துச் சொன்னது. 2013-இல் ஜப்பானின் ஸ்பிரிங்-8 ஆய்வகத்தில், கட்டிவைத்துப் பறக்கவிட்ட வண்டுத்தேனீயின் மார்பு வழியாக எக்ஸ்ரேயைச் செலுத்தி நொடிக்கு 5000 படம் எடுத்த இவமோட்டோ, யாகி இருவரோ, இழுபடும் மயோசின் தலையே உருமாறி அந்த உணர்வைத் தருகிறது என்கிறார்கள். இந்த விவாதம் முடியவில்லை. இரண்டுமே ஓரளவு நடக்கலாம் என்பது என் எண்ணம்.

நரம்புக்கு அப்போது வேலையே இல்லையா? இருக்கிறது. நொடிக்கு ஐந்தாறு முறை வரும் அந்தத் துடிப்புகள் கால்சியத்தை ஒரு மட்டத்தில் வைத்திருக்கின்றன. துடிப்பு கூடினால் கால்சியம் கொஞ்சம் ஏறும், திறன் கூடும், ஈ மேலே ஏறும். பைக்கில் ஆக்சிலேட்டரைத் திருகுகிறோம், பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்குவதையும் நாம் சொல்வதில்லையே, அந்த மாதிரி. திரும்புவதற்கு, சாய்வதற்குத் தனியாகச் சின்னச் சின்னத் தசைகள் இறக்கையடியில் இருக்கின்றன, அவை நரம்பின் சொல் கேட்கும் பழைய வகை. கால்சியத்தை ஒவ்வோர் அடிக்கும் அள்ளிப்போட வேண்டிய அவசியம் இல்லாததால் பெரிய தசைகளில் அந்த அறைகள் சுருங்கிப்போய், அந்த இடத்தை மயோசின் இழைகளும், ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பிடித்துக்கொண்டுவிட்டன. தசையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு போல மைட்டோகாண்ட்ரியாவே. ரத்தத்தை நம்பாமல், காற்றுக்குழாய்கள் நேராகத் தசைக்குள் கிளை விட்டு ஆக்சிஜனைக் கொண்டுவந்து கொட்டுகின்றன.

மயோசினும் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. தசை மயோசினின் தலையும் வாலும் அமைந்த பெரிய பாகத்துக்கு, கனத்த சங்கிலி என்பார்கள், பழ ஈயில் ஒரே ஒரு மரபணுதான். அதையே வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி, புழுவாக ஊர்ந்த காலத்துத் தசைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, பறக்க ஒன்று என்று செய்துகொள்கிறது. பறக்கும் வகை ஆக்டினைப் பிடித்தவுடன் சட்டென்று விட்டுவிடும். 200 முறை கடைய வேண்டிய இடத்தில், பிடித்ததை விடாத கை பாரமாகிவிடும் அல்லவா.

கடைசியாக ஒன்று பாக்கி. நீட்டினால்தான் சுருங்கும், சுருங்கினால்தான் எதிர்த்தசை நீளும் என்றால் முதல் நீட்டலை யார் கொடுப்பது? பயந்து எழும்பும் பழ ஈயில் அதற்கு ஒரு ஸ்டார்ட்டர் இருக்கிறது. நீங்கள் வாழைப்பழத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனதும், கண்ணிலிருந்து ஒரு தடித்த நரம்பு வழியாகச் செய்தி போய் நடுக்காலின் குதிக்கும் தசை வெட்டி இழுக்கிறது. அந்தத் தசையின் ஒரு முனை மார்புக் கூரையில் இருக்கிறது. காலை உதைத்து ஈ எம்பும் அதே இழுப்பில் கூரை அமுங்கி, நீளவாக்குத் தசை முதல்முறையாக நீளுகிறது. அதற்குள் அதன் நரம்பும் ஒரு துடிப்பு அனுப்பி, கால்சியத்தைக் கொட்டியிருக்கும். கடைசல் தொடங்கிவிடும். நிறுத்துவதற்கு நரம்பு சும்மா இருந்தால் போதும், கால்சியம் மெல்ல வடிந்து, பூட்டுகள் மூடிக்கொள்ள, இறக்கைகள் மடிந்து, ஈ மறுபடியும் அதே பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.